எந்தக் கால் முறிஞ்ச கால்

மாட்டுக்குக் கால் முறிஞ்சால் அந்த நாளையில என்ர வேலை ஒரு துண்டு எழுதிக் குடுக்கிறதுதான். பரிசோதிச்சாச்சு, நோயில்லை, அறுக்கலாம். கீழ கையெழுத்து, திகதி, றப்பர் முத்திரை. கண்டி றோட்டில கப்பல்துறைப் பக்கம் லொறி அடிச்ச மாட்டுக்கும் அதே துண்டு, கந்தளாயில வாய்க்காலுக்குள்ள விழுந்த மாட்டுக்கண்டுக்கும் அதே துண்டு. மாட்டின்ர கால் எலும்பை ஒட்ட வைக்கலாம் எண்டு நானும் படிச்சனான்தான். சோதினைக்குப் படிச்சது, சோதினையோட போச்சுது.

பென்சன் எடுத்த பிறகு சில பேர் கேக்கினம், "டொக்டர், உங்கட சேவையில பெருமையான விசயம் என்ன?" எண்டு. நான் சிரிச்சுப்போட்டு வேற கதைக்குப் போயிடுவன். சொல்லுறதெண்டால் ஒரு சிவத்த காளைக்கண்டின்ர முன்னங்காலைப் பற்றித்தான் சொல்லவேணும். அதில பெருமைப்பட எனக்கு ஒண்டுமில்லை.

எழுபதுகளின்ர நடுவில எண்டு வையுங்கோ. எங்கட மிருக வைத்தியக் கந்தோர் துறைமுகத்துக்குப் போற றோட்டில இருந்தது. நான், ஒரு கிளாக்கர், ஒரு பியூன், டயர் இல்லாமல் கல்லில ஏத்தி வச்ச ஒரு ஜீப். டயர் வேணும் எண்டு எழுதின கடதாசிக்குப் பதில் வாற மட்டும் சைக்கிளிலயும் பஸ்ஸிலயும்தான் மாடு பாக்கிறது. காலமை வெய்யில் ஏறுறதுக்கு முதல் ஊசி போட வெளிக்கிட்டால் மத்தியானம் வந்து விழுந்திடுவன். பின்னேரம் கிளாக்கர் ஒரு தட்டில கடதாசிகளை அடுக்கிக்கொண்டு வருவார். நான் ஒவ்வொண்டாய்க் கையெழுத்துப் போடுவன். வாசிக்கிறதில்லை. வாசிச்சு என்ன வரப்போகுது எண்டு ஒரு அலுப்பு. அந்த அலுப்பைத்தான் நான் அனுபவம் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்.

அந்த வருஷம் எங்களுக்கு ஒரு பயிற்சி டொக்டரை அனுப்பினவை. கடைசிச் சோதினை முடிச்சு, ஒரு வருஷம் வெளிக் கந்தோரில வேலை பழக வந்த பிள்ளை. தகப்பன் கந்தளாய் சீனி ஆலையில வேலை. இவள் பஸ்ஸில வந்து போவாள். வந்த முதற் கிழமையே கேட்டாள்:

"சேர், கால் முறிஞ்ச மாடுகள் வந்தால் எனக்கு ஒருக்கால் சொல்லுவீங்களோ? நான் கட்டிப் பாக்கப் போறன்."

"நீர் கட்டுவீர். ஆறு கிழமை அதை ஆர் பிள்ளை வச்சுப் பாக்கிறது? இஞ்ச மாடுகள் பட்டியோட மேயப் போறது. ஒரு இடத்தில கட்டி வச்சுத் தீனி போடுற வழக்கம் இல்லை," எண்டன்.

"அதுதான் சேர் என்ர ஆராய்ச்சியே. மேயப் போற மாட்டுக்கு என்னமாதிரிக் கட்டலாம் எண்டு பாக்கிறது."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனா அந்தப் பிள்ளைக்கு அது விளையாட்டில்லை. கொழும்பில எங்கட தொழில்காரரின்ர சங்கம் ஒண்டு, மாணவரும் பயிற்சியில இருக்கிறவையும் செய்த ஆராய்ச்சிக்கு வருஷக் கூட்டத்தில ஒரு பரிசு குடுக்கிறது. அந்த முறை எலும்பு முறிவு, மூட்டு சம்பந்தமான ஆராய்ச்சிக்கு எண்டு அறிவிச்சிருந்தினம். பரிசு ஒரு புத்தகமும் ஒரு சான்றிதழும்தான். ஆனா அதை எடுக்கிறவைக்குத்தான் சத்திரசிகிச்சைப் பிரிவில இருந்த ஒரேயொரு பயிற்சி இடம் போகும். இது எங்கட வட்டாரத்தில எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம். எடுக்காட்டில், எங்கயாவது கோழிப் பண்ணைக்கு முட்டை எண்ண அனுப்பிவிடுவினம். அவளுக்கு எலும்பு வேலை எண்டால் உயிர்.

நான் அவளுக்கு ஒண்டும் படிப்பிக்கேல்ல. அதை இப்பவே சொல்லிவிடுறன். எனக்குத் தெரிஞ்சால்தானே படிப்பிக்கிறது.

துறைமுகத்தில பழைய கப்பல் சாமான் விக்கிற இடத்தில தேடி, இரும்புக் கம்பி எடுத்துக்கொண்டு வந்தாள். உப்புவெளியில ஒரு சைக்கிள் கடைக்காரரிட்டப் போய், அவரோட நாள் முழுக்க மல்லுக்கட்டி, அந்தக் கம்பியை வளைச்சு ஒரு சட்டம் செய்விச்சாள். மேல ஒரு வளையம், அது மாட்டின்ர தோளுக்குக் கீழ இருக்கும். ரெண்டு பக்கத்தாலயும் கம்பி இறங்கி, குளம்புக்குக் கீழ ஒண்டாய் முடியும். முறிஞ்ச காலை அதுக்குள்ள விட்டுப் பிளாஸ்டர் போட்டால், மாடு கம்பியில ஊண்டி நடக்கும். பாரம் எலும்புக்குப் போகாது. முதல் சட்டத்தைக் கந்தோருக்குக் கொண்டு வந்து என்ர மேசையில வச்சபோது நான், "இதென்ன பிள்ளை, கப்பலின்ர நங்கூரமோ?" எண்டு கேட்டன். அவள் சிரிக்கேல்ல.

பத்துப் பன்னிரண்டு கண்டுகளுக்குக் கட்டினாள். அதில ஒண்டுதான் அந்தச் சிவத்த கண்டு.

கிண்ணியாவில இருந்து ஒரு விவசாயி அதை மாட்டு வண்டிலில படுக்க வச்சுக் கொண்டு வந்தவர். கடல் கழியைக் கடக்கிற மிதவையை அங்க பாதை எண்டுதான் சொல்லுறது. பாதையில வண்டிலோட ஏத்தி, அக்கரையில இறக்கி, வெய்யிலுக்குள்ள அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். நான் கண்டைப் பாத்தன். ஒரு முன்னங்கால், முழங்காலுக்குக் கீழ, தொங்குது. மேசை லாச்சியைத் திறந்து துண்டுப் புத்தகத்தை எடுத்தன்.

"டொக்டர், எனக்குத் துண்டு வேணாம். கால்தான் வேணும்," எண்டார் மனுசன்.

பிறகு விளங்கப்படுத்தினார். வாற ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பலியாய் அறுத்துக் குர்பான் குடுக்க எண்டு மனசில நேந்து, நிய்யத்து வெச்சி வளக்கிற கண்டாம். பெருநாள் வரக்குள்ள ரெண்டு வயசு முடிஞ்சிரும். ஆனா நொண்டி மாடு குர்பானுக்கு ஆகாது. ஆக்கள் வந்து நடக்க விட்டுப் பாப்பாங்க. ஒரு கால் இழுத்தாலும் சரி வராது.

"அட, வேற மாடு வாங்கிக் குடுக்கிறதுதானே காக்கா?" எண்டு கேட்டன். அங்கத்தைய ஆக்களை அண்ணன் முறையில காக்கா எண்டுதான் கூப்பிடுறது.

"நிய்யத்து இந்த மாட்டுக்கெல்லோ வெச்ச, டொக்டர்."

பயிற்சிப் பிள்ளை அதுக்கிடையில வண்டிலில ஏறி, கண்டின்ர கழுத்தைத் தடவிக்கொண்டு நிண்டாள். "நான் கட்டுறன். ஆனா நீங்க சொன்னபடி செய்யவேணும். ஈரம் படக்கூடாது, கிழமைக்கு ஒருக்கால் நான் வந்து பாப்பன்," எண்டாள்.

"நீங்க வாங்க புள்ள. பாதைக்கு நான் வந்து நிப்பன்."

அப்பிடியே செய்தாள். ஒவ்வொரு கிழமையும் பஸ், பிறகு பாதை, பிறகு அந்த மனுசனின்ர வண்டில். எக்ஸ்ரே ஒண்டும் எங்களிட்ட இல்லை. விரலால தடவிப் பாத்து, நடையைப் பாத்து, அடியை அளந்து, கொப்பியில எழுதுவாள். கொப்பி கொப்பியாய் எழுதினாள். ஒரு மாட்டுக்கு வளையம் உரசிப் புண் வந்து, புழுப் பிடிச்சு, கடைசியில என்ர துண்டுதான் தேவைப்பட்டது. "அதை விட்டிடும் பிள்ளை, பரிசுக்குப் போறதில ஏன் தோத்த கதை?" எண்டன். அவள் என்னை ஒரு பார்வை பாத்தாள். "அதைத்தான் சேர் முதல் எழுதவேணும். அடுத்தாள் அந்த வளையத்துக்குத் துணி சுத்துவானெல்லோ." எனக்குக் கோவம் வந்தது. அவள் சொன்னது சரியாய் இருந்ததாலதான் வந்தது எண்டு இப்ப விளங்குது.

சட்டத்தைக் கழட்டின அண்டு நானும் கிண்ணியாவுக்குப் போனனான். கண்டு ரெண்டு அடி வச்சு நிண்டது. பிறகு நாலு அடி. பிறகு திரும்பியும் பாக்காமல் பட்டியடிக்கு ஓடிச்சுது. அந்த மனுசன் தலையில கட்டியிருந்த துவாயை அவிட்டு முகத்தைத் துடைச்சார். அவள் கொப்பியைத் திறந்து எழுதிக்கொண்டு நிண்டாள். நான் பக்கத்தில ஒரு வேலையும் இல்லாமல் நிண்டன்.

இனி என்ர கதை.

ஆராய்ச்சிக் கட்டுரையை டைப் பண்ணித்தான் அனுப்பவேணும் எண்டு விதி. அவள் கையால எழுதி, கிளாக்கரிட்டக் குடுத்தாள். கடைசித் திகதி கிட்ட வந்திட்டுது. அவள் அந்தக் கிழமை கந்தளாய்ப் பக்கத்தில கட்டின மாடுகளைக் கடைசியாய் ஒருக்கால் பாக்கப் போயிட்டாள். போகேக்க என்னட்ட வந்து, "சேர், ஒருக்கால் வாசிச்சுப் போட்டு அனுப்பிவிடுங்கோ. நீங்க பாத்தால் எனக்குப் பயமில்லை," எண்டாள். ஓம் எண்டன்.

எங்கட கிளாக்கர் கெட்ட மனுசன் இல்லை. வலு ஒழுங்கான ஆள். அந்த ஒழுங்குதான் வினையாய்ப் போச்சுது. கந்தோரில இருந்து வெளிய போற எந்தக் கடதாசியும் பொறுப்பதிகாரியின்ர பெயரிலதான் போகவேணும் எண்டு அவருக்கு ஆரோ எப்பவோ சொல்லிக் குடுத்தது. முந்தின டொக்டர்மாரிட்டயும் அப்பிடித்தான் செய்தவர். பியூன் எண்ணின கோழிக் கணக்கும் என்ர பெயரில போகும், உதவியாள் போட்ட ஊசிக் கணக்கும் என்ர பெயரில போகும். அதே பழக்கத்தில முதல் பக்கத்தில என்ர பெயரையும் பதவியையும் அடிச்சார். கடைசிப் பக்கத்தில எனக்குக் கையெழுத்து வைக்க இடம் விட்டார். அந்தப் பிள்ளையின்ர பெயரை, 'உதவி செய்தோர்' எண்டு ஒரு வரி போட்டு அதில அடிச்சார். மூப்பு வரிசைப்படி, பியூனின்ர பெயருக்குக் கீழ.

பின்னேரம் தட்டில அது வந்தது. தடிப்பான கட்டு. அண்டு நிலாவெளி மட்டும் சைக்கிள் மிதிச்சுப்போட்டு வந்து, கண் எரிஞ்சுகொண்டிருந்தது. அவளிட்ட ஓம் எண்டு சொன்னது ஞாபகம் இருந்தது. நாளைக்கு வாசிப்பம் எண்டு நினைச்சன். நாளைக்குத் தபாலில சேராட்டில் பிந்திப்போகும் எண்டு கிளாக்கர் சொன்னார். கடைசிப் பக்கத்தைப் பிரட்டிக் கையெழுத்தைப் போட்டன்.

அவ்வளவுதான். ஒரு கையெழுத்து.

ரெண்டு மாசத்தால பதில் வந்தது. என்ர பெயருக்கு. நல்ல மரியாதையான கடிதம். உங்கள் ஆய்வு மிகவும் பாராட்டத்தக்கது, ஆனால் இந்தப் பரிசு மாணவருக்கும் பயிற்சியிலுள்ளவருக்கும் மட்டும் உரியது என்பதால், அனுபவமுள்ள உத்தியோகத்தரான உங்கள் கட்டுரையைப் போட்டிக்கு எடுக்க முடியவில்லை, வருந்துகிறோம். நான் அதை ரெண்டு தரம் வாசிச்சன். பிறகு நகலை எடுப்பிச்சு முதல் பக்கத்தைப் பாத்தன். அவளைக் கூப்பிட்டன்.

அவள் எதிர்க் கதிரையில இருந்து கடிதத்தை வாசிச்சாள். நகலையும் வாசிச்சாள். பியூனின்ர பெயர் இருக்கிற வரியில விரலை வச்சாள்.

"சேர், வாசிச்சனீங்களோ?"

"நான் கையெழுத்துப் போட்டனான் பிள்ளை."

"நான் அதைக் கேக்கேல்ல சேர்."

அழுதிருந்தால், கத்தியிருந்தால், எனக்குக் கொஞ்சம் சுகமாயிருந்திருக்கும். கொப்பிகளை அடுக்கி, நூல் போட்டுக் கட்டி, பையில வச்சுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். கிளாக்கர் வாசலில நிண்டு கையைப் பிசைஞ்சார். "சேர், எல்லாக் கடதாசியும் உங்கட பேரிலதானே போறது..." எண்டு சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். அவரை ஏச எனக்கு வாய் வரேல்ல.

சங்கத்துக்கு, கட்டுரை அவளின்ர எண்டு ஒரு கடிதம் எழுதினன். அதிலயும் நான் முழுசாய் உண்மை எழுதேல்ல. 'வாசிக்காமல் கையெழுத்திட்டேன்' எண்டு எழுத வெக்கம். மேலிடத்துக்குத் தெரிஞ்சால் விளக்கம் கேப்பினம் எண்டு பயம். 'எழுத்து வேலையில் நேர்ந்த தவறு' எண்டு சவசவ எண்டு எழுதினன். பதில் வந்தது. பரிசு ஏற்கெனவே குடுத்தாச்சு. அதோட ஒரு வரி: இளையவர் ஒருவருக்குத் தன் பெருமையை விட்டுக் கொடுக்க நினைக்கும் உங்கள் பெருந்தன்மையை மெச்சுகிறோம்.

பாத்தீங்களோ. என்ர கடிதத்தைப் பொய்யெண்டும் அவை சொல்லேல்ல. பெருந்தன்மையாம்.

திருப்பி ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். கொழும்புக்கு றெயில் ஏறிப் போயிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு எண்டு விட்டன். அதுக்கிடையில சங்கத்தில இருந்து எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வேற வந்து சேந்தது. களத்தில வேலை செய்யிற அதிகாரி இப்பிடியொரு ஆராய்ச்சி செய்தது முன்மாதிரியாம். கிளாக்கர், பாவம், என்னைச் சமாதானப்படுத்த நினைச்சாரோ என்னவோ, அதுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுவிச்சுச் சுவரில கொழுவிவிட்டார். அதைக் கழட்டவும் எனக்கு அலுப்பு.

பயிற்சி முடிஞ்சு அந்தப் பிள்ளைக்கு மலைநாட்டில ஒரு கோழிப் பண்ணைக்கு மாற்றம் வந்தது. போற அண்டு கந்தோருக்கு வந்து எல்லாரிட்டயும் சொல்லிக்கொண்டு போனாள். என்னட்டயும் வந்தாள். "போட்டு வாறன் சேர்" எண்டாள். சுவரை நிமிர்ந்து பாக்கேல்ல. அவள் பாக்காததைத்தான் நான் பாத்துக்கொண்டிருந்தனான்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்ச ரெண்டாம் நாள் அந்தக் கிண்ணியா மனுசன் வந்தார். புதுச் சாரம், கையில ஒரு பாத்திரம், கக்கத்தில துணியால சுத்தின ஒரு பொட்டலம். எங்கட பியூனும் முஸ்லிம்தான். அவருக்கு இறைச்சிப் பங்கு குடுத்தார். நான் மாட்டிறைச்சி சாப்பிடுறதில்லை எண்டு அவருக்குத் தெரியும். எனக்குத் தேங்காய்ப்பாலில முட்டை போட்டு அவிச்ச வட்டிலப்பம்.

"அல்லா ஏத்துக்கட்டும், கபூலாகட்டும் எண்டு கேட்டுக் குடுத்திட்டன் டொக்டர். நாலு பேர் வந்து நடக்க விட்டுப் பாத்தாங்க. ஒராள் குந்தியிருந்து ஒவ்வொரு காலையும் தடவிப் பாத்தாரு. கால் முறிஞ்ச மாடெண்டு நானாச் சொன்ன பொறகும் நம்பல்ல." மனுசனுக்குச் சந்தோசம் முகத்தில வழிஞ்சது. "டொக்டர் புள்ள எங்க? அவவுக்கு ஒரு சாமான் கொண்டந்திரிக்கன்."

மாற்றலாகிப் போயிட்டா எண்டன். அவர் முகம் ஒரு கணம் விழுந்து போச்சுது. பிறகு, சரி, டொக்டராவது பாருங்க எண்டு பொட்டலத்தை என்ர மேசையில அவிட்டார். ரெண்டு முன்னங்கால் எலும்பு. அவிச்சு, சுரண்டி, வெய்யிலில காய வச்சு, வெள்ளை வெளேரெண்டு.

"ஊரில எல்லார்ட்டயும் கேட்டுப் பாத்திட்டன். எந்தக் கால் முறிஞ்ச கால் எண்டு ஒராளுக்கும் சொல்ல ஏலல்ல. நான் மட்டும் அறுக்கக்குள்ள ஒண்டில கத்தியால ஒரு கீறு வெச்சன், மறக்கப்படாதெண்டு. இப்ப ரெண்டு எலும்பிலயும் அதே இடத்தில விரல வெச்சி மறைச்சிப் புடிக்கன். சொல்லுங்க பாப்பம்."

பியூன் சுவரைக் காட்டிச் சொன்னார்: "என்ன காக்கா, எங்கட டொக்டருக்கா தெரியாது? அந்தக் கால் பொருத்தினதுக்குத்தானே அவருக்குக் கொழும்பில இருந்து அது வந்தது."

மனுசன் சட்டத்தைப் பாத்தார். என்னைப் பாத்தார். "அப்ப டொக்டருக்குக் கட்டாயம் தெரியும்" எண்டார்.

அவர் பிடிச்சிருந்த ரெண்டு எலும்பையும் நான் வெளிச்சப் பக்கம் திருப்பிப் பாத்தன். முறிஞ்சு ஒட்டின எலும்பில எங்கயோ ஒரு தடிப்பு இருக்கவேணும். அவர் விரல் மறைச்ச இடங்களை விட்டு மற்றதெல்லாம் தடவினன். ஒண்டில ஏதோ தடிப்பாய்ப் பட்டது மாதிரி இருந்தது.

"இதுதான்" எண்டன்.

அவர் விரல்களை எடுத்தார். கீறு மற்ற எலும்பில இருந்தது.

"அல்லாவே! டொக்டருக்கே தெரியல்ல!" மனுசன் கைகொட்டிச் சிரிச்சார். அவருக்கு அதைவிடச் சந்தோசம் இல்லை. எங்கட தொழிலில அந்த வேலைக்கு அதைவிடப் பெரிய பரிசும் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சதாலதான் என்னால சிரிக்க ஏலாமல் போச்சுது.

"காக்கா, சுவரில இருக்கிறது பொய்," எண்டன். "நான் ஒண்டும் செய்யேல்ல. கட்டினதும் அவள்தான், எழுதினதும் அவள்தான். நான் வாசிக்காமல் கையெழுத்து வச்சு, அவளுக்கு வரவேண்டியதைக் கெடுத்துப்போட்டன்."

கந்தோரில இருந்த மூண்டு பேருக்கும் கேட்டுது. முதல் முறையாய் அதை வாயால சொன்னன். எழுத வேண்டிய இடத்தில எழுதாமல், ஒண்டும் மாறாத நேரத்தில சொன்னன்.

அவர் சுவரைத் திருப்பியும் ஒருக்கால் நிமிர்ந்து பாத்தார். பிறகு ரெண்டு எலும்பையும் எடுத்து, துணியால திருப்பிச் சுத்தி, கக்கத்தில வச்சார்.

"வட்டிலப்பம் உங்களுக்கு, டொக்டர். சாப்பிடுங்க. இது அந்தப் புள்ளைக்கு. விலாசம் தாங்க, நானே அனுப்புறன்."

கிளாக்கர் கடதாசியை டைப் மெசினில செருகப் போனார். வேண்டாம் எண்டு மறிச்சன். பேனையை எடுத்து நானே எழுதினன். அந்தப் பிள்ளை என்னோட ஒரு வருஷம் வேலை செய்தவள். அவளின்ர முழுப்பெயரை என்ர கையால நான் எழுதினது அண்டுதான் முதற் தரம்.